அடிக்காத மூன்றாம் மணி

எங்கள் நாடகத்தில் எட்டுப் பெண்கள் வாரத்துக்கு இரண்டு முறை சாகிறோம். சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. ஒருத்தி ராணி, தலை போகும். ஒருத்தி மருத்துவச்சி, சூனியக்காரி என்று எரிப்பார்கள். ஒருத்தி புருஷனுக்கு விஷம் வைத்தவள், அல்லது வைத்ததாகச் சொல்லப்பட்டவள். நான் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரி. எஜமானியின் லேஸ் துணி நாலு முழம் காணாமல் போனதற்காக என்னைத் தூக்கில் போடுகிறார்கள். லேஸை நான் எடுத்தேனா இல்லையா என்று கடைசிவரை சொல்வதில்லை. எனக்கே தெரியாது. நாடகத்தை இயக்கும் மேடத்தைக் கேட்டதற்கு, உனக்குத் தெரிந்தால் முகத்தில் காட்டிவிடுவாய் என்று சொல்லிவிட்டார்.

வார நாட்களில் நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். வரிசையில் நிற்கத் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அங்கே பெயர். ஐந்து நாள் கத்திவிட்டு ஆறாம் நாள் அமைதியாகத் தூக்குக்குப் போவது உடம்புக்கு நல்லது என்று ராணி சொல்வாள். அவள் வங்கியில் காசாளர், அவளுக்கும் அதே கதைதான்.

எங்களைச் சாகவைப்பது ஒரு மணி. அந்த மணியை அடிக்கும் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். அவள் முன்பு இருந்த சாயப்பட்டறையில் வேலை பார்த்த நானூறு பேர் சேர்ந்து வைத்தது. முகத்துக்கு நேரே அக்கா, அந்தப் பக்கம் திரும்பினால் கடிகாரம். அவளுக்கும் தெரியும். பட்டப்பெயரைக் கேட்டுச் சிரித்த நாளும் இல்லை, சண்டைக்குப் போன நாளும் இல்லை.

பட்டறை வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதில் அவள் இருபத்துநாலு வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களின் அட்டையில் நேரம் குத்த வேண்டும், காலையிலும் மதியமும் மாலையும் சங்கு ஊத வேண்டும், இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலையை அவள் பார்த்த விதம்தான் பேர் வாங்கிக் கொடுத்தது. எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு வந்தால் அட்டையில் சிவப்பு. சைக்கிள் செயின் அறுந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் வரவில்லை, எதுவும் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே கேட்காது. எட்டு ஒன்று என்றால் எட்டு ஒன்றுதான். காரணம் கேட்பது அவள் வேலை இல்லை என்று நினைத்தாள். வெகு நாள் அப்படியே நினைத்தாள்.

பட்டறையை மூடினார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி சாவியை அவளிடமே கொடுத்தார். நாலு வருஷம் கழித்து மேடம் நாடகத்துக்கு இடம் தேடி வந்தபோது சாவிக்கொத்தோடு பின்னாலேயே நடந்தவள் அவள்தான். நாடகத்தில் மூன்று தடவை மணி அடிக்க வேண்டும், ஒலிப்பதிவு வைக்கப்போகிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அவள், கருவி தப்புப் பண்ணும், நான் அடிக்கிறேன் என்றாள். அப்படித்தான் கட்டடத்தோடு சேர்ந்து எங்களுக்கு வந்தாள். "இருபத்துநாலு வருஷம் சங்கு ஊதினேன், ஒருத்தரும் சாகல. இங்க மூணே மணி, எட்டுப் பேர் காலி" என்று முதல் வாரமே சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை, நாங்கள்தான் சிரித்தோம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நின்று இத்தனை வருஷமாகியும் சாயம் போகவில்லை. நீலம் தோய்த்த அறையின் தரை இன்னும் நீலம், மஞ்சள் தோய்த்த அறை மஞ்சள். மழை நாளில் சுவரில் ஈரம் இறங்கும்போது பழைய நிறங்களும் கூடவே கொஞ்சம் இறங்கும். என்னுடையது நீல அறை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவினால் தண்ணீர் இளநீலமாக ஓடும். சில நாள் தூக்கத்திலும் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நான் அதில் எதையோ தேடுவேன், முழித்தால் என்ன தேடினேன் என்று ஞாபகம் இருக்காது.

அறைகளுக்குத் தனித்தனிக் கூரை கிடையாது. சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். மிக உயரத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தகரக் கூரை. அதனால் ராணி முணுமுணுப்பது மருத்துவச்சிக்குக் கேட்கும், மருத்துவச்சி இருமினால் எனக்குக் கேட்கும். நடுக்கூடத்திலிருந்து ஒரு இரும்புப் படிக்கட்டு மேலே போகும், நாற்பத்தோரு படி. உச்சியில் ஒரு பரண். அந்தக் காலத்தில் மேஸ்திரி அங்கே நின்றுதான் எல்லா அறைகளையும் கண்காணிப்பாராம். இப்போது அங்கே மணியும் அக்காவும். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஏற ஐந்து நிமிஷம், இறங்க ஏழு நிமிஷம் என்று அவளே அளந்து வைத்திருக்கிறாள்.

விளக்கு எதுவும் கிடையாது. மேற்குப் பக்கத்து உயர ஜன்னல்களில் வரும் மாலை வெயில்தான் எங்களுக்கு வெளிச்சம். நாலரைக்கு அது தரையில் கிடக்கும். ஐந்தேகாலுக்குச் சுவரில் பாதி ஏறியிருக்கும். அதற்குமுன் நாங்கள் செத்தாக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலியும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு காட்சிக்கு எட்டே பேர், ஒரு பெண்ணுக்கு ஒருவர். வாசலில் ஆளுக்கொரு சாம்பல் நிறச் சால்வை கொடுப்போம், தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். தண்டனையை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அவர்கள்தான். எட்டுப் பேர் ஒரு கூட்டமா என்று கேட்கலாம். முகம் மறைத்துக்கொண்டால் இரண்டு பேர்கூடக் கூட்டம்தான். அவர்கள் வாய் திறக்கக் கூடாது. முதல் மணிக்கு அவரவர் அறைக்குள் வருவார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சின்ன உதவி கேட்பாள். ராணி ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வாள், பேசக் கூடாதே என்று வந்தவர் முழிக்க, அவளே வாங்கிப் படித்துக்கொள்வாள். நான் சீப்பை நீட்டித் தலைவாரிவிடச் சொல்வேன். இரண்டாம் மணிக்கு நாங்கள் கடைசி வார்த்தையைப் பேச ஆரம்பிப்போம். மூன்றாம் மணிக்கு எழுந்து வரிசையாகக் கூடத்தின் கோடியில் உள்ள வெள்ளைக் கதவுக்குள் போய்விடுவோம்.

அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, கைதட்டல் கிடையாது. வந்தவர்களை மேடம் கிழக்கு வாசல் வழியாகப் பின் தெருவுக்கு அனுப்பிவிடுவார். சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு அவரவர் வழியில் போக வேண்டியதுதான். யாராவது நின்று எங்களைப் பார்க்க வேண்டும் என்றால் மேடம் விடமாட்டார். "செத்தவங்க திரும்பி வந்து கும்பிடு போடக் கூடாது" என்பது அவருடைய சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. மூன்றாம் மணி அடிக்கும்வரை என்ன ஆனாலும் நாங்கள் பாத்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. கூரை ஒழுகினாலும் சரி, பூனை மடியில் ஏறினாலும் சரி. இரண்டும் நடந்திருக்கிறது.

காட்சிக்கு முன்னால் என் தலைமுடியைக் கலைத்துச் சிக்காக்கிவிடுவது அக்காவின் வேலை. சிக்கு இருந்தால்தானே வந்தவர் வாரிவிட முடியும். வெள்ளைக் கதவுக்குப் பின்னால், பழைய சாய வாளிகளுக்கும் எங்கள் கைப்பைகளுக்கும் நடுவில், ஒரு முக்காலியில் என்னை உட்காரவைத்துக் கலைப்பாள். பின்னால் நிற்பவரின் முகம் தெரியாது என்பதாலோ என்னவோ, தலைமுடியில் கை வைத்தால் மனிதர்களுக்கு வாய் தானாகத் திறக்கிறது. ஒருநாள் அவளும் திறந்தாள்.

அவளுக்கு ஒரே தங்கை. பத்து வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட, பத்தொன்பது வயதில் இவள் அந்தக் குழந்தைக்குத் தாயானாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பாதான். பாப்பாவுக்கு மாப்பிள்ளையும் இவளே பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பட்டறை நூல் கிடங்கில் வேலை பார்த்த ஒருவனின் ஆறு வருஷத்து அட்டைகளை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். ஒரு சிவப்புக்கூட இல்லை. ஒரு நாளும் எட்டு மணியைத் தாண்டாதவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று பெண்ணைக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒரு வேலை நாள் காலை பத்து இருபதுக்கு, பாப்பா கையில் ஒரு பையோடு கூண்டின் முன்னால் வந்து நின்றாள். அதற்கு முன்பே அவள் மாமியாரும் கொழுந்தனும் வந்து, உங்கள் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டு ஓடிவந்துவிட்டாள் என்று நாலு பேர் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் தலை நிமிர முடியவில்லை. திரும்பிப் போ என்றாள். பாப்பா மாட்டேன் என்றாள். அப்படியானால் எனக்குத் தங்கையே கிடையாது, செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அப்போது மணி பத்து இருபத்துமூன்று. என் தங்கைக்குத் தீர்ப்பு எழுத எனக்கு மூன்று நிமிஷம் ஆச்சு என்றாள் என்னிடம்.

பாப்பா புருஷன் வீட்டுக்கும் போகவில்லை, தெரிந்த வீடு எதற்கும் போகவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பது இரண்டு வருஷம் கழித்து, அவனுக்கு அடுத்து மனைவியாக வந்தவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அக்கா தேடாத இடம் இல்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. யாராவது ஆறுதலுக்கு, உனக்குத் தெரியாமல் நடந்ததற்கு நீ என்ன செய்வாய் என்பார்களாம். அப்போதெல்லாம் பேசாமல் இருந்துவிடுவாளாம். இதைச் சொல்லும்போது என் தலைமுடியில் அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"கையில கட்டு போட்டிருந்தா. துப்பட்டாவுக்குள்ள மறைச்சு வச்சிருந்தா, ஓரம் தெரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் அடித்த மணிக்குச் செத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான், இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் கழுவிவிட்டதுபோல இருந்தது. முதல் மணி நாலரைக்குப் பிசகாமல் அடித்தது. நான் வாசலுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். சால்வை தரையில் உரசும் சத்தம் உள்ளே வந்து என் பின்னால் நின்றது. சீப்பை நீட்டினேன். பெரும்பாலும் வந்தவர்கள் பயந்து பயந்துதான் தொடுவார்கள், ஆண்கள் சிலர் குதிரைக்குச் சீவுவதுபோல இழுப்பார்கள். இந்தக் கை அப்படி இல்லை. முடியை மூன்றாகப் பிரித்தது, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தது. பெண் கைதான். பழகிய கைதான். ஆனால் இடதுகை. வலது கை முடியைப் பிடிக்க மட்டும் வந்தது, மணிக்கட்டு திரும்பவில்லை.

நாலு நாற்பத்தைந்துக்கு இரண்டாம் மணி. நான் என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எஜமானியின் அலமாரி, லேஸின் பூவேலை, என்னைச் சோதனை போட்டவர்கள், எழுதத் தெரியாத நான் என் அம்மாவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்ட கடிதம். என் குரல் சுவரைத் தாண்டி மேலே போய் ராணியின் குரலோடும் மருத்துவச்சியின் குரலோடும் கலப்பது எனக்கே கேட்கும். அந்த நேரத்தில் எட்டுப் பேரும் ஒருத்திதான் என்று தோன்றும். எந்த நாடு, எந்த வருஷம், யார் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் அந்தக் கூரைக்கடியில் கரைந்துவிடும். வெயில் என் முழங்காலில் இருந்து எதிர்ச்சுவருக்குப் போனது. நீலத் தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்தது. ஐந்து ஒன்பதுக்கு என் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்தேன். ஐந்து பத்துக்கு மணி அடிக்கும், எழுந்துகொள்வேன்.

மணி அடிக்கவில்லை.

ஒரு நிமிஷம் பொறுத்தேன். இரண்டு நிமிஷம் பொறுத்தேன். என் கணக்குத்தான் தப்பு என்று நினைத்தேன், ஏனென்றால் அக்கா தப்புப் பண்ண வழியே இல்லை. மற்ற அறைகளிலும் குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இப்படி ஒரு மௌனம் அந்தக் கட்டடத்தில் இதற்குமுன் இருந்ததில்லை. எட்டுப் பெண்கள் சாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறோம், சாக விடமாட்டேன் என்கிறார்கள். மேடம் வெள்ளைக் கதவோரம் நிற்பார், ஆனால் அவரும் சத்தம் போட முடியாது. அவர் போட்ட சட்டம் அவர் வாயையே கட்டிவிட்டது.

முதலில் ராணிதான் ஆரம்பித்தாள். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அது முடிந்ததும், கடிதத்தில் இல்லாதது எதையெதையோ படித்தாள், அதில் பாதி அவள் மாமியாரைப் பற்றியது. மருத்துவச்சி இருமலுக்குக் கைமருந்து சொல்ல ஆரம்பித்தாள். உடனே ஒரு ஆண் குரல், வந்தவருடைய குரல், அது குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டது. கொடுக்கலாம், தேன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் மருத்துவச்சி. அவ்வளவுதான், கட்டு அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு அறையாகப் பேச்சு எழுந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவளும் இன்றைக்குச் சால்வை போர்த்தி வந்தவளும் பக்கத்து வீட்டுக்காரிகள்போலப் பேசிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். வெளிச்சம் சுவரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, அது ஏறி முடிக்காமல் அப்படியே நின்றுவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

பாத்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. ஆனால் பாத்திரத்துக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. வேலைக்காரி வேறு என்ன கேட்பாள் என்று யோசித்து, "கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது. "பழைய வலிதான்." பிறகு தயங்கித் தயங்கி, மணி அடிக்கிற அம்மாவை வெளியே போகும்போது பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் முன்பு இதே பட்டறையில் டைம்கீப்பராக இருந்தவர்தான் என்று யாரோ சொல்லித்தான் வந்தாளாம்.

துப்பட்டாவுக்குள் மறைத்த அந்தக் கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. முடியாது, அந்த வாசல் நேரே பின் தெருவுக்குப் போய்விடும், யாரையும் பார்க்க விடமாட்டார்கள் என்று சொன்னேன். வேலைக்காரி சொல்லவில்லை, நான் சொன்னேன். சொல்லும்போதே மேலே மணி ஏன் அடிக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. பரணிலிருந்து என் அறை தெரியும். பிறகு அக்காவே சொன்னாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வகிடு பிரிப்பாள் பாப்பா, ஐந்து வயதிலிருந்தே அப்படித்தானாம், அதை மேலிருந்து பார்த்துத்தான் அடையாளம் கண்டாளாம். மூன்றாம் மணி அடித்தால் இவள் பின் தெருவோடு போய்விடுவாள். அக்கா இறங்கி வர ஏழு நிமிஷம். கயிற்றைக் கையில் பிடித்தவள் விட்டுவிட்டாள்.

இரும்புப் படியில் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு. அடுத்த படி. அறைகளில் பேச்சு மெல்ல அடங்கியது. எல்லோரும் அந்தக் காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். என் தலைமுடியில் இருந்த கை சிக்கெடுத்து முடித்துப் பின்ன ஆரம்பித்திருந்தது. காலடி நீல அறை வாசலுக்கு வந்து நின்றது.

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரிந்திருக்காது. தங்கைதான் முதலில் பேசினாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போல ஒரே மூச்சில் பேசினாள்.

"நான் சண்டைக்கு வரல, அக்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். அன்னைக்கு என் கை உனக்குத் தெரியல. நான்தான் துப்பட்டாவுக்குள்ள மறைச்சு வச்சிருந்தேன். தெரிஞ்சிருந்தா நீ உள்ள விட்டிருப்பே. அதனால உன் மேல தப்பு இல்ல."

தலையை ஆட்டு, அக்கா, என்று எனக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அது போதும். பதினோரு வருஷம் தேடியது தானாக நடந்து வந்து, மன்னிப்பையும் கையிலேயே எடுத்து வந்து நீட்டுகிறது. உண்மை தெரிந்த வெளி ஆள் நான் ஒருத்தி, நான் சொல்லப்போவதில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்காகப் பொய் சாட்சி சொல்லவும் தயாராக இருந்தேன்.

"தெரிஞ்சுது, பாப்பா" என்றாள் அக்கா.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"கட்டோட ஓரம் தெரிஞ்சுது. விரல் வீங்கியிருந்தது. பாத்தேன்."

தங்கையின் குரல் மிகவும் சின்னதாக வந்தது. "நீ பாக்கலைங்கறத வச்சுத்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

அப்போதுதான் மணி அடித்தது. மேடம் பொறுத்துப் பார்த்து, தானே நாற்பத்தோரு படியும் ஏறிப் போய் அடித்துவிட்டார். அடிக்கத் தெரியாமல் அடித்ததில் அது ஒரு மாதிரி தேம்பலாகக் கேட்டது. ஆனாலும் மணி மணிதான். பக்கத்து அறைகளில் முக்காலிகள் நகர்ந்தன. ஏழு பெண்கள் எழுந்து கூடத்தைக் கடந்து வெள்ளைக் கதவுக்குள் போனார்கள். ஏழு சால்வைகள் கிழக்கு வாசல் பக்கம் போயின. நானும் எழுந்திருக்க வேண்டும். பின்னல் அவள் கையில் இருந்தது. அவள் பிடித்திருந்த பிடி ஒன்றும் இறுக்கம் இல்லை, ஒரு தலையசைப்பில் விடுபட்டிருப்பேன். நான் அசையவில்லை. அன்றைக்கு என்னைத் தூக்கில் போட முடியவில்லை.

தங்கை மறுபடி பின்னத் தொடங்கினாள். மூன்று பிரி, இடது கையால், மெதுவாக.

"எதுக்கு இப்ப சொன்னே? ஆமான்னு தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

"முடிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. "ஆனா நீ மன்னிக்க வந்தவ வேற ஒருத்தி, பாப்பா. அவ பாக்காதவ. நான் பாத்தவ. அவளுக்கு வந்தத நான் எப்படி வாங்கிக்கறது?"

நான் அழுதேன். வேலைக்காரியாக இல்லை, டோக்கன் கொடுக்கிறவளாகத்தான் அழுதேன். இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பின்னல் முடிந்தது. சால்வையின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை அறுத்து நுனியில் கட்டினாள், பல்லால் முடிச்சை இறுக்கினாள். சீப்பை என் மடியில் வைத்தாள். பிறகு சால்வையைத் தலையிலிருந்து எடுத்து மடித்தாள். அப்போதுதான் எனக்கு அவள் முகம் கொஞ்சம் தெரிந்தது. அக்காவின் மூக்கு, அக்காவின் பிடிவாதம். வாசலில் நின்றவளைத் தாண்டித்தான் அவள் வெளியே போக வேண்டும். தாண்டவில்லை, எதிரிலேயே நின்றாள்.

"அவளை எப்பவோ மன்னிச்சாச்சு" என்றாள். "உன்னை இன்னைக்குத்தானே பாக்கறேன். நேரம் ஆகும்."

"சரி" என்றாள் அக்கா. எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை.